இரண்டு கோடு சார்ஜ்

நீல பெயின்ட் உரிந்த மேஜை. அதன்மேல் மஞ்சளும் கறுப்புமாக ஒரு வயர்லெஸ் செட். சுற்றி இருபது, இருபத்தைந்து ஆண்கள். ஃபேன் ஓடவில்லை. வாசல் நிலையில் சாய்ந்தபடி என் சிநேகிதன் சேகர் நிற்கிறான். வெயிலில் உதடு வெடித்து, மூக்கின்மேல் தோல் உரிந்திருக்கிறது.

எங்கள் ரிசார்ட்டை ஒட்டினாற்போல் இருக்கும் மீனவர் குப்பத்துச் சங்கக் கட்டடம் அது. சங்கத் தலைவர் செட்டை என் பக்கம் தள்ளினார்.

"தாஸு, நீதான் வாங்கியாந்த. நீயே பாத்து சொல்லு. செட்டு நல்லா கீதா, இல்லியா?"

செட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மேஜைக்குக் கீழே ஒருவர் கண்ணிலும் படாமல் சுவிட்சைத் திருகினேன். திரை பச்சையாக எரிந்தது. பேட்டரி படத்துக்குள் மூன்று கோட்டில் இரண்டு கோடு இருந்தது. உடனே அணைத்துவிட்டேன்.

"செட் நல்லா இருக்கு தலைவரே. சார்ஜ் இல்லாம இருந்திருக்கு."

எல்லாரும் சேகரைத் திரும்பிப் பார்த்தார்கள். சேகர் என்னைப் பார்த்தான்.

"ஆமா. போடல" என்றான்.

இந்தப் பத்திரிகையில் என் தொடர் ஆரம்பித்து எட்டு வாரம் ஆகிறது. நீச்சல்குளத்து மோட்டார், ஜெனரேட்டர் அறைக்குள் குரங்கு, கல்யாணக் கூட்டத்தில் கரண்ட் போன கதை என்று சிரிக்க சிரிக்க எழுதித் தள்ளினேன். நீங்களும் சிரித்ததாகக் கடிதம் போட்டீர்கள். எட்டு வாரமும் எழுதியது இதை எழுதாமல் இருப்பதற்காகத்தான். இந்த வாரம் சிரிப்பு கம்மி. முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு என்மேல் கோபப்படக் கூடாது.

இன்னா தாஸ்

நான் வயர்லெஸ்காரன் ஆனதே ஒரு கூத்து. சொந்த ஊர் படாளம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். செங்கல்பட்டு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்தேன். பக்கத்து பெஞ்சில் சேகர். ஒரே வருஷத்தில் அவன், "இந்த சால்டரிங் பொகை நமக்கு ஆவாது மச்சான்" என்று சொல்லிவிட்டுக் கடலுக்கே போய்விட்டான். நான் முடித்துவிட்டு, அவன் குப்பத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ரிசார்ட்டில் மெயின்டனன்ஸ் வேலைக்கு வந்தேன்.

முதல் வாரம் இடுப்பில் ஒரு வாக்கி டாக்கியை மாட்டிவிட்டார்கள். வரவேற்பிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். ஏதோ அறையில் ஏ.சி. ஒழுகுகிறதாம். நான் பட்டனை அமுக்கி, "இன்னாங்க, தோ வந்துகினே கீறேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அப்போதிருந்த மேனேஜர் சாயந்திரம் ஸ்டாஃப் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, என்னை முன்னால் வரச் சொன்னார். "எங்கே, காலையில சொன்னதைத் திருப்பிச் சொல்லு." சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னேன். கெஸ்ட் காதில் இந்தப் பேச்சு விழக் கூடாது என்றார். அன்றிலிருந்து மூன்று வருஷம் நான் அங்கே "இன்னா தாஸ்". தோட்டக்காரர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்.

ராத்திரி அறையில் உட்கார்ந்து ரோஜர், காப்பி, ஸ்டாண்ட்பை என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன். ஒழுங்காகப் பேச வந்துவிட்டது. வந்த பிறகு ஒழுங்காகப் பேசாதவனைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு அரை நாள் ஆனது.

பக்கெட்டில் மிதந்த செட்

கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனாலே செல்போன் டவர் செத்துவிடும். ஆகையால் படகுக்கு ஒரு வயர்லெஸ் வேண்டும் என்று சங்கத்தில் முடிவு செய்தார்கள். தலைவர் முதலில் என்னிடம், "உங்க ரிசார்ட்டுல பழசு கிழசு இருந்தா குடேன்" என்றுதான் கேட்டார்.

ரிசார்ட் செட் வேறு, கடல் செட் வேறு. ரிசார்ட்டில் இருப்பது தரைக்கானது. அதைப் படகில் எடுத்துப் போனால், பக்கத்துப் படகில் கடல் செட் இருந்தாலும் அதோடு பேசாது; கப்பலோடும் பேசாது. ஒரு தடவை முழுகினால் ஜோலி முடிந்தது. கடலுக்கென்று தனி வி.எச்.எஃப். செட் இருக்கிறது. அதில் பதினாறாம் சேனல் ஆபத்துக்கும் அழைப்புக்கும் பொது. எல்லாப் படகும் அதைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அரட்டை அடிக்க வேறு சேனலுக்குப் போய்விட வேண்டும். இதையெல்லாம் விளக்கியதும் தலைவர், "அப்ப நீயே வந்து வாங்கிக் குடுப்பா" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

நானும் சேகரும் சென்னைக்குப் போனோம். கடைக்காரர் ஆறு மாடலை எடுத்து வைத்தார். நான் வாட்ஸ் எவ்வளவு, பேட்டரி எத்தனை மணி நேரம் என்று இங்கிலீஷில் கேட்டுக்கொண்டிருந்தேன். சேகர் ஒவ்வொரு செட்டாக எடுத்துப் பட்டனை அமுக்கிப் பார்த்தான். வலைக்கயிறு இழுத்து இழுத்துக் காய்த்த விரல். ஒரு பட்டன் அமுக்கினால் ரெண்டு பட்டன் அமுங்கியது.

"மச்சான், இது சின்னதா கீது. கையில மீன் வழவழப்பு இருந்தா எப்டி அமுக்குறது? தோ, இந்தத் திருகு வெச்சது நல்லா கீதே."

"அது பழைய மாடல். நீ சும்மா இரு" என்றேன்.

செட் தண்ணீரில் மிதக்கும் என்று கடைக்காரர் சொன்னார். சேகர் விடவில்லை. "மெதக்கும்னா மெதக்க வுட்டுக் காட்டு சார். ஒரு பக்கெட்டு தண்ணி கொண்டா." கடைக்காரர் என்னைப் பார்த்தார். எனக்கு மானம் போயிற்று. "சாரி சார், ஹி டஸ் நாட் நோ" என்றேன். கடைக்காரர் என்னவோ நல்ல மனுஷன், உள்ளேயிருந்து பக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தார். செட் மிதந்தது. சேகர் சின்னப் பிள்ளை கணக்காகக் கை தட்டினான். நான் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

கடைசியில் என் இஷ்டப்படி, சின்ன பட்டன் நிறைய இருக்கிற மாடலைத்தான் வாங்கினோம். லைசென்ஸ் பாரத்தையெல்லாம் நானே நிரப்பினேன். கரைக்கென்று ஒரு பெரிய செட் வாங்கி, சங்கத்து மொட்டை மாடியில் கம்பம் நட்டு ஆன்டெனாவும் மாட்டினேன். அதன் முன்னால் எனக்கென்று ஒரு நாற்காலி.

ஒரு குடம் நல்ல தண்ணி

செட்டைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்தேன். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உப்பு காய்ந்தால் பட்டன் இறுகிவிடும். ஈரத்தோடு சார்ஜில் போடக் கூடாது. பின்னால் இருக்கிற பித்தளைப் புள்ளிகளில் பச்சை பூத்தால் சார்ஜ் ஏறாது, அழி ரப்பரால் தேய்க்க வேண்டும். ஆன்டெனாவைப் பிடித்துத் தூக்கக் கூடாது.

தலையாட்டிவிட்டு எல்லாரும் போனார்கள். பாதிப் பேர் செட்டை மீன் கூடையிலேயே போட்டார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்தது சேகர் ஒருத்தன்தான். குப்பத்துக்கு நல்ல தண்ணீர் லாரியில் வரும். அவன் அதிலே மொண்டு செட்டைக் குளிப்பாட்டுவான். அவன் பெண்டாட்டி மல்லிகா தெருவே கேட்கிற மாதிரி கத்துவாள்.

"குடிக்கிற தண்ணிய எடுத்து அதுக்கு ஊத்துறியே, அது இன்னா நீ பெத்த புள்ளயா?"

"தாஸு சொல்லிக்கீறான். நீ சும்மா கெட" என்பான் சேகர்.

மகளுடைய ஜாமென்ட்ரி பாக்ஸிலிருந்து ரப்பரை எடுத்துவிட்டான் என்று இன்னொரு சண்டை. அவன் செட்டின் பித்தளை கடைசி வரை தங்கமாக மின்னியது. டி.வி. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு அதில்தான் தினமும் சார்ஜ் போடுவான்.

பதினாறு

செட்டோடு படகுக்கு ஓர் அட்டையும் கொடுத்தேன். லேமினேட் செய்த அட்டை. ஆபத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று இங்கிலீஷ் வாசகத்தைத் தமிழ் எழுத்தில் பன்னிரண்டு வரி. உயிருக்கு ஆபத்து என்பதற்கான மேடே என்ற சொல் மூன்று தடவை, படகுப் பெயர் மூன்று தடவை, இருக்கும் இடம், ஆள் எத்தனை, முடிவில் 'பேசியாச்சு, இனி நீ பேசு' என்பதற்கு ஓவர். கப்பல்காரனுக்கும் புரிய வேண்டுமே என்றுதான் போட்டேன். தமிழில் ஒரு வரி போட எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதுகூடப் பொய்தான். தமிழில் போட்டால் தரக்குறைவாக இருக்கும் என்று நினைத்தேன்.

வாராந்திர லீவு நாளில் கரைச் செட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனி மாதம் என்று ஞாபகம். ஒரு காலையில் பதினாறில் சேகர் குரல்.

"மச்சான், கீறியா? இன்னா பண்ணிகினு கீற? நாஸ்தா ஆச்சா?"

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. பட்டனை அமுக்கினேன்.

"டேய், இது என்ன உங்க வூட்டுப் போனா? பதினாறுல வந்து நாஸ்தா கேக்குற? எவ்ளோ வாட்டி படிச்சுப் படிச்சு சொன்னேன்? எங்க, அட்டையை எடு. நான் சொல்லச் சொல்லச் சொல்லு. மேடே, மேடே, மேடே..."

அத்தனை படகும் கேட்டுக்கொண்டிருந்தன. சேகர் சொல்லிப் பார்த்தான். தடுமாறினான். "தப்பு, திருப்பிச் சொல்லு" என்றேன். திருப்பிச் சொன்னான். இன்னொரு தடவையும் சொல்லச் சொன்னேன். நடுவில் எந்தப் படகிலிருந்தோ யாரோ பட்டனை அமுக்கிச் சிரிப்பது கேட்டது.

"ஒழுங்கா பேசத் தெரியலன்னா பதினாறு பக்கமே வராத. செட்டைப் புடுங்கிடுவேன்" என்று முடித்தேன்.

அந்தச் சேனலில் மேடே என்ற சொல்லை ஆபத்தில்லாத நேரத்தில் சொல்லவே கூடாது. அப்படிப் பார்த்தால் அன்றைக்கு விதியை மீறியது நான்தான். விதி யாருக்கு ஞாபகம் இருந்தது? அந்த மேனேஜர் என்னை முன்னால் நிறுத்திச் சொல்லச் சொன்னதும் அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. அல்லது அது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்ததோ, தெரியவில்லை.

கரைக்கு வந்ததும் அவனுக்கு "ஓவர் சேகர்" என்று பேர் வைத்துவிட்டார்கள். மீன் எடுக்க வந்த பெண்கள்கூட, "இன்னா ஓவரு, கெளங்கான் கீதா?" என்று கேட்டார்கள். அவனும் சிரித்தான். நானும் சிரித்தேன்.

கச்சான் காற்று

அதற்குப் பிறகு ஐந்தாறு நாள் இருக்கும். சேகரும் அவன் அண்ணன் ஏழுமலையும் கடலுக்குப் போனார்கள். விடிந்து ஏழு மணி சுமாருக்கு எஞ்சின் விசிறியில் வலைக்கயிறு சுற்றிக்கொண்டு எஞ்சின் நின்றது. ஏழுமலை அண்ணாத்தை இறங்கிக் கயிற்றை அறுக்கப் போனார். அலை தூக்கிப் போட்டதில் விசிறித் தகடு அவருடைய வலது காலைக் கிழித்துவிட்டது. ஏற்கெனவே சுகர் இருக்கிற உடம்பு.

அந்த நேரத்தில் கூப்பிடு தூரத்தில் இல்லாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நாலைந்து படகுகள் இருந்தன. செட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கால் மணியில் வந்திருப்பார்கள். கையில் பிடிக்கும் செட்டுக்குக் கடல் மட்டத்தில் எட்டும் தூரம் கொஞ்சம்தான். தரையிலிருந்து கடலைப் பார்க்க வீசும் கச்சான் காற்று படகைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போனது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் மற்ற படகுகள் கரைக்குத் திரும்பிவிட, இவர்கள் யாருக்கும் எட்டாத இடத்துக்குப் போய்விட்டார்கள். நான் டூட்டியில் இருந்ததால் கரைச் செட்டின் முன்னாலும் ஆள் இல்லை.

குப்பத்துப் படகுகள் அத்தனையும் தேடிப் போய், வெறுமனே திரும்பின. மறுநாள் மத்தியானம் எங்கோ ஒரு பெரிய விசைப்படகு அவர்களைப் பார்த்துக் கட்டி இழுத்து வந்தது. அண்ணாத்தையைச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். புண் முற்றிவிட்டது. வலது கால் பாதத்தில் முன்பாதியை எடுத்தார்கள். சீக்கிரம் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகக் குப்பம் முழுக்கப் பேச்சு.

பாதத்தை எடுத்த மறுநாள்தான் அந்த நீல மேஜை.

படகு மறைவில்

ஏன் அப்படிச் சொன்னேன்? செட் கெட்டுப்போயிருந்தது என்றால் வாங்கிக் கொடுத்த என் தலை உருளும். செட்டும் நன்றாக இருந்தது, சார்ஜும் இருந்தது என்றால், பிறகு ஏன்டா கூப்பிடவில்லை என்று சேகரைக் கேட்பார்கள். அவன் என்ன பதில் சொல்வான் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரத்துக்கு முன்னால் நான் அவனைத் திருப்பித் திருப்பிச் சொல்லவைத்ததை எல்லாரும் செட்டிலேயே கேட்டார்களே.

கூட்டம் கலைந்ததும் அவனைப் படகு மறைவுக்குக் கூட்டிப்போனேன்.

"ஏன் மச்சான் கூப்பிடல?"

சேகர் மணலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூப்பிடலாம்னுதான் செட்ட எடுத்தேன். அட்டைய பாத்தேன். கையெல்லாம் ரத்தம், எழுத்தே தெர்ல. தப்பா சொல்லிட்டா நீ திருப்பி சொல்லச் சொல்லுவ, அம்மாம் பேரும் சிரிப்பானுங்க. எஞ்சினு இப்ப ஸ்டார்ட் ஆய்டும், இப்ப ஆய்டும்னு பாத்துகினே இருந்துட்டேன். அப்பால கூப்டேன் மச்சான். மெய்யாலுமே கூப்டேன். ஒருத்தனும் வர்ல."

"சார்ஜ் இருந்துச்சே சேகரு..."

"இருந்துது. நீதானே இல்லன்ன."

அவனே என் தோளைத் தட்டினான். "பரவால்ல, வுடு. உன் பேரு கெட்டுப்போச்சின்னா இவனுங்க செட்டுக்கு யாரு கீறா? போ, டூட்டிக்கு நேரமாவுது."

போய்விட்டேன். டூட்டிக்கு நேரமாகிறது என்று நிஜமாகவே போய்விட்டேன்.

சங்கத்தில் அவன் செட்டை வாங்கி வேறொருவருக்குக் கொடுத்தார்கள். "செட்டுக்கு சார்ஜ் போடாம அண்ணன் கால வாங்கிட்டான்" என்று அவன் காதுபடப் பேசினார்கள். அவனோடு கடலுக்குப் போக ஆள் யோசித்தார்கள். மல்லிகா மட்டும் அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் வீட்டு ப்ளக்கில்தானே அந்தச் செட்டுக்கு தினமும் சார்ஜ் ஏறியது.

கேட்

அண்ணாத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கையைக் காலைப் பிடித்து அவருக்கு ரிசார்ட் கேட்டில் வாட்ச்மேன் வேலை வாங்கிக் கொடுத்தேன். குப்பமே என்னைப் புகழ்ந்தது. "சொந்தக்காரன்கூட இப்டி செய்ய மாட்டான்" என்றார் தலைவர். அந்தப் புகழைக் காதில் வாங்கிக்கொண்டு நின்றேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் சோறு இறங்குவதில்லை.

போன மாதம் சங்கத்துக்குப் புது செட் வருகிறது என்று என்னிடம் லிஸ்ட் கேட்டார்கள். இந்தத் தடவை பெரிய திருகு வைத்த மாடல். அட்டையிலும், கப்பலுக்காக மேடே என்ற ஒரே சொல்லுக்குக் கீழே, "எஞ்சின் நின்னுபோச்சு, வாங்க" என்று தமிழில் இரண்டு வரிதான் போட்டிருக்கிறேன். லிஸ்டில் சேகர் பெயரை முதலில் எழுதினேன். தலைவர் பேனாவை வாங்கி அந்தப் பெயரை அடித்துவிட்டார்.

"அவனுக்கா? சார்ஜே போட மாட்டான். வேற ஆளுக்கு எழுது."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. சேகர் இன்றைக்கும் செட் இல்லாமல்தான் கடலுக்குப் போய்வருகிறான்.

போன வாரம் காலையில் டூட்டிக்கு வந்தபோது அண்ணாத்தை கேட்டருகே ஸ்டூலில் உட்கார்ந்து இந்தப் பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தார். அரைப் பாதத்துக்குச் சாக்ஸ் போட்டு, செருப்பில் துணி அடைத்திருந்தார். மடியில் ரிசார்ட் வாக்கி டாக்கி.

"இன்னா தம்பி, கொரங்கு கத நல்லா கீதே. சிரிச்சி சிரிச்சி வயிறு வலிக்குது."

"அப்டியா அண்ணாத்த" என்று வண்டியைத் தள்ளினேன்.

"எல்லாத்தையும் எழுதிகினு வர்ற. என் காலு எந்த வாரம் வருது?"

வண்டியை நிறுத்திவிட்டேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. புத்தகத்தை மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டார்.

"படகுல நானும்தானே கெடந்தேன் தம்பி. அவன் அந்த அட்டைய துணியால தொடச்சித் தொடச்சிப் படிச்சத நான் பாத்துகினு இருந்தேன். யார்கிட்டயும் சொல்லாதண்ணான்னு கால்ல வுழுந்தான், அதான் வுட்டேன். எனக்குக் கால் போனது போச்சு. அவனுக்கு ஒரு செட்டு குடுக்கச் சொல்லு."

வாக்கி டாக்கியில் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

இந்தப் பத்திரிகை வெள்ளிக்கிழமை காலை எங்கள் கேட்டுக்கு வந்துவிடும். நான் உள்ளே போக வேறு வாசல் கிடையாது. அண்ணாத்தை படித்து முடித்ததும் சங்கத்துக்கு எடுத்துப்போய் அந்த நீல மேஜைமேல் போடட்டும். தலைவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்கட்டும். நான் வந்து நிற்கிறேன். திருப்பிச் சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன்.

தலைவரே, சேகர் செட்டுக்கு சார்ஜ் போட்டிருந்தான். இரண்டு கோடு இருந்தது. நான் பார்த்தேன்.